ஒரே மாதிரி இரண்டு கோடுகள்

ஜூலை 3

இந்த நோட்டில் பொய் ஒன்றுகூட இருக்காது. எனக்குப் பெருமை தருவதானாலும் வெட்கம் தருவதானாலும் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எழுதுபவள் ம. சங்கவி, பத்தாம் வகுப்பு, ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர். நூலகத்தில் தன்வரலாறுகளாகவே எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் வயதான பிறகு உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். அன்றன்றைக்கே எழுதிவிட்டால் எதையும் மாற்றி எழுதத் தோன்றாதல்லவா.

முதலில் எங்கள் இடம். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள். பட்டறையில் அப்பாவின் சி.என்.சி. லேத் ஒன்று, அதாவது கணினி சொல்படி இரும்பைக் கடையும் இயந்திரம், இருக்கிறது. பம்ப் கம்பெனி இரும்புக் கம்பிகளை வெட்டி அனுப்பும். அப்பா அவற்றைக் கடைந்து, பம்புக்குள் சுழலும் ஷாஃப்டாக ஆக்கித் திருப்பி அனுப்புவார். அம்மா ஷாஃப்டுகளை எண்ணெயில் முக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். சுற்றுவதற்கு முன் தாள்களை நான் படித்துவிடுவேன். அதனால் உலகச் செய்திகள் எல்லாம் எனக்கு மூன்று மாதம் தாமதமாகத் தெரியவரும்.

லேத் பேங்க் கடனில் வாங்கியது. கம்பெனி வேலை கொடுக்கிற வரைக்கும்தான் அது நம்முடையது என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிவலிங்கம் மாமாவின் பட்டறை. சொந்த மாமா இல்லை. அப்பாவும் அவரும் ஒரே இடத்தில் தொழில் பழகி, ஒரே வருடம் கடன் வாங்கி, ஒரே மாதிரி லேத்தை இறக்கியவர்கள். அவருக்கும் அதே கம்பெனி, அதே ஷாஃப்ட். அவர் மனைவி சரசு அத்தை எங்கள் வீட்டில்தான் பாதி நாள் இருப்பாள்.

ஜூலை 9

இன்று கம்பெனியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். பெயர் நிரஞ்சன். சார் என்றதற்கு, "அண்ணான்னே கூப்பிடும்மா" என்றார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை லேத்தின் பக்கவாட்டில் வைத்தார். அடியில் காந்தம் இருப்பதால் டப்பென்று ஒட்டிக்கொண்டது. மேலே ஒரு பச்சைப் புள்ளி மினுக்கியது.

"என்னுங்க தம்பி இது?" என்று சரசு அத்தை கேட்டாள்.

"லேத் ஓடுற அதிர்வை எடுத்து கம்பெனிக்கு அனுப்பும்க்கா. உள்ளேயே சிம் இருக்கு. எப்ப ஓடுது, எப்ப நிக்குது, பேரிங் கெடப்போகுதா, எல்லாம் எங்க ஸ்கிரீன்ல தெரியும்."

"ஓட்டறவிய டீ குடிக்கப் போனாக்கூடத் தெரியுமா?"

"லேத் நின்னாத் தெரியும்க்கா."

"எம்மாமியா போயி மூணு வருசமா நிம்மதியா இருந்தேன். அடுத்தவ வந்துட்டா பாரு."

நிரஞ்சன் அண்ணா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் லேத்திலும் ஒரு பெட்டி ஒட்டினார்கள். இப்போது எங்கள் சந்தில் அதற்கு மாமியார் என்றே பெயர்.

அம்மாவின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். லேத் ஓடும்போது கோடு மேலே ஏறி நடுங்குகிறது, நின்றால் தரையில் படுத்துக்கொள்கிறது. இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைப் போல. மாமாவும் தன் பெட்டியை அதே போனில் சேர்த்துவிடச் சொன்னார். "எனக்கு அந்த இங்கிலீஸெல்லாம் ஆகாது அம்மிணி. என்றதையும் நீயே பாத்துச் சொல்லிரு." இரண்டு கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்று. இனி தினமும் பார்ப்பது என் பொறுப்பு.

ஜூலை 16

மாமியார் இன்று எங்களைக் காப்பாற்றினாள். அதிர்வு நான்கு நாளாகக் கூடிவருகிறது, பேரிங்கைப் பாருங்கள் என்று செயலி சிவப்பில் காட்டியது. அப்பா நம்பவில்லை. "நேத்துக்கூட நல்லாத்தான ஓடுச்சு" என்றார். நான் விடாமல் சொன்னதால் கழற்றிப் பார்த்தார். ஒரு குண்டு தேய்ந்து பொரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் லேத்தைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலே கெட்டுப் போயிருக்குமாம். சந்தில் நான்கு பேரிடம் அப்பா சொல்லிவிட்டு வந்தார். "எம்புள்ளதான் கண்டுபுடிச்சா" என்று சொன்னாராம், அத்தை வந்து சொன்னாள். கண்டுபிடித்தது நான் இல்லை, பெட்டிதான். ஆனாலும் மறுத்துச் சொல்லவில்லை.

நிரஞ்சன் அண்ணாவுக்கு வாட்ஸப்பில் நன்றி அனுப்பினேன். இந்த மாதிரிப் பெட்டிகள் உலகம் முழுவதும் தொழிற்சாலைகளில் என்னென்ன செய்கின்றன என்று ஒரு கட்டுரை அனுப்பிவைத்தார். உலைக்குள் எவ்வளவு சூடு, எந்த மோட்டார் மின்சாரத்தை வீணாக்குகிறது, எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது, எல்லாம் ஆள் போகாமலே தெரியும். அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன்.

ஜூலை 24

கம்பெனியிலிருந்து கடிதம். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் படித்துச் சொன்னேன். அப்பா, அம்மா, மாமா, அத்தை நான்கு பேரும் பட்டறையில் நின்று கேட்டார்கள். இனி எந்த லேத் காரணம் சொல்லாமல் ஒரு வாரம் தொடர்ந்து நிற்கிறதோ அதற்கு வரும் வேலை வேறு ஆளுக்கு மாற்றப்படும். இதுதான் சாரம்.

"நோம்பிக்கு ஊருக்குப் போனாக்கூடவா?" என்றார் மாமா.

"முன்கூட்டியே எழுதிக் கேக்கணுமாம் மாமா."

"பள்ளிக்கூடத்துல லீவ் லெட்டர் எழுதாதவன் நானு. அம்பது வயசுல எழுத வெச்சுட்டாங்க."

இன்னொரு வரியும் இருந்தது. ஒருவருக்குக் கொடுத்த வேலையை இன்னொருவர் லேத்தில் செய்யக் கூடாது. அதை நான் படித்தபோது அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் பிறகு கேட்டேன். எங்கள் சந்தில் யார் லேத் படுத்தாலும் பக்கத்துப் பட்டறைக்காரர் அவருடைய வேலையை ஓட்டிக் கொடுத்துவிடுவார். கூலி வாங்க மாட்டார். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எங்கள் வேலை முழுவதையும் மாமாதான் முடித்துக் கொடுத்தாராம். "கம்பெனிக்கு ஷாஃப்ட் வந்தாப் போதும். எங்க ஓடுச்சுன்னு யாரு கேட்டா" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 2

வேதியியல் தேர்வில் 47/50. மூன்று மதிப்பெண் கவனக்குறைவால் போனது.

ஆகஸ்ட் 6

காலையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது அதிகமாக வந்துவிட்டது. மாமாவின் லேத்தில் டிரைவ் கார்டு கருகிவிட்டது. மோட்டாருக்கு இவ்வளவு வேகத்தில் ஓடு என்று சொல்வது அந்தக் கார்டுதான். அது இல்லாவிட்டால் லேத் வெறும் இரும்பு. பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். வர எத்தனை வாரம் ஆகும் என்று அங்கே சொல்லமாட்டேன் என்கிறார்களாம்.

சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நான்கு பேரும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் டம்ளர்களை வைத்தேன். அப்புறம் அப்பா சொன்னார்.

"அம்மிணி, காலாண்டுப் பரீட்சை முடியற வரைக்கும் நீ பட்டறைப் பக்கம் வராத. சத்தத்துல படிப்பு ஏறாது."

பத்து வருடமாக அந்தச் சத்தத்தில்தான் படிக்கிறேன். ஆனாலும் சரி என்றேன்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாமே, கார்டு போய்விட்டது என்பது நியாயமான காரணம்தானே என்று அம்மாவிடம் சொன்னேன். மாமா ஏற்கெனவே போன் செய்தாராம். "ரெண்டு வாரம் தர்றோம், அதுக்கு மேல முடியாதுன்னாங்க" என்றாள். அதற்குள் கார்டு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

கார்டு வந்துவிட்டது போலிருக்கிறது. மாமாவின் கோடு இன்று காலை முதல் மறுபடி மேலே ஏறி ஓடுகிறது. பள்ளியிலிருந்து வந்ததும் அத்தையிடம் சொன்னேன்.

"என்ற மாமியா என்ன சொல்றா?"

"நல்லா ஓடுதுன்னு காட்டுது அத்தை."

"ஓடட்டும் ஓடட்டும். கெழவிக்கு எடம் மாறுனாத்தான் சுறுசுறுப்பு வரும்."

அம்மா அத்தையின் தொடையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. மாமாவின் பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெயிலுக்காக இருக்கும்.

ஆகஸ்ட் 14

அப்பாவின் கண்கள் சிவந்திருக்கின்றன. நான் தூங்கப்போகும்போதும் எங்கள் லேத் ஓடுகிறது, எழும்போதும் ஓடுகிறது. இரவில் மாமா வந்து நிற்பதும், அப்பா சாக்கு விரித்து அங்கேயே படுத்துக்கொள்வதும் வீட்டுக்குள்ளிருந்தே தெரிகிறது. எங்களுக்கு வேலை அதிகமாக வந்திருக்கிறதா என்று கேட்டேன். "ஆமாஞ்சாமி" என்றாள் அம்மா. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு விதமான பெட்டிகளில் அடுக்குகிறாள். ஒன்றில் மாமாவின் பெயர் எழுதியிருக்கிறது. அத்தைக்கு முதுகுவலி என்பதால் அம்மா உதவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்பதில்லை என்று அம்மாவிடமும் சொன்னேன். எங்கள் சத்தம் அதை மூடிவிடுகிறது போலும்.

ஆகஸ்ட் 19

நிரஞ்சன் அண்ணா செய்தி அனுப்பியிருக்கிறார். கம்பெனியில் ஒரு சுவர் முழுவதும் திரைகள் உள்ள அறை இருக்கிறதாம். நூற்றுக்கணக்கான லேத்துகளின் கோடுகள் ஒரே இடத்தில் ஓடுமாம். பள்ளி மாணவர்கள் சிலரை வரவழைத்துக் காட்டப்போகிறார்கள். என் பெயரையும் சொல்லியிருக்கிறார். "சும்மா வந்து பாத்துட்டுப் போறவங்க வேண்டாம். வரும்போது நல்ல கேள்வி ஒண்ணோட வா" என்று எழுதியிருந்தார்.

நல்ல கேள்வி எது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கணக்கு வகுப்பில்கூட அதே நினைப்பு.

ஆகஸ்ட் 22

கேள்வி கிடைத்துவிட்டது.

இன்று விடுமுறை. உட்கார்ந்து இரண்டு கோடுகளையும் முதலிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜூலையில் இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன. மாமா காலையில் சீக்கிரம் தொடங்குவார், மதியம் நீளமாக நிறுத்துவார். அப்பா அப்படி இல்லை. ஆனால் ஆகஸ்ட் 9 முதல் இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கிறது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறது. சின்ன நடுக்கங்கள்கூட ஒன்றுபோல் இருக்கின்றன.

மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்து நிற்பது இயல்பு. அதை விலக்கிப் பார்த்தேன். டீ நேரம் பொதுவானது என்று அதையும் விலக்கினேன். அப்படியும் மிச்சம் எல்லாம் பொருந்துகிறது. கடைசல் உளி மாற்றும்போது வரும் சிறு இடைவெளிகளும் பொருந்துகின்றன. இரண்டு மனிதர்கள் இரண்டு அறைகளில் ஒரே நொடியில் உளி மாற்ற முடியாது. எனவே இது செயலியின் பிழையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் லேத்தின் கணக்கையே மாமாவின் பெயரிலும் காட்டுகிறது. இப்படியே விட்டால் மாமா உண்மையில் எவ்வளவு ஓட்டுகிறார் என்பது கம்பெனிக்குத் தெரியாமலே போய்விடும். அது அவருக்கு நஷ்டம்.

இரண்டு கோடுகளையும் படமெடுத்து, ஒன்றுபோல் ஓடத் தொடங்கும் நாளை வட்டமிட்டு, காரணங்களை ஒன்று, இரண்டு என்று எழுதி நிரஞ்சன் அண்ணாவுக்கு அனுப்பினேன். இரண்டு முறை எழுத்துப்பிழை பார்த்தேன்.

ஆகஸ்ட் 23

பதில் வந்தது. "எங்க டீம்ல யாரும் இதைக் கவனிக்கல. சூப்பர் சங்கவி. நேர்ல வந்து செக் பண்றேன்."

பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 26

நான் பள்ளியிலிருந்து வந்தபோது கம்பெனி வேன் வாசலில் நின்றது. பட்டறைக்குள் போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தாலும் போனேன்.

எங்கள் லேத்தின் பக்கவாட்டில் இரண்டு பெட்டிகள் ஒட்டியிருந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று. இரண்டிலும் பச்சைப் புள்ளி ஒரே நேரத்தில் மினுக்கியது.

நிரஞ்சன் அண்ணாவோடு வயதான மேலதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அவர் மாமாவின் பட்டறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்து, கையில் இருந்த டேப்லெட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா லேத்தை நிறுத்தவில்லை. உள்ளே ஒரு ஷாஃப்ட் பாதி கடைந்த நிலையில் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று பெரியவர் கேட்டார்.

"கார்டு போனதுலருந்துங்க" என்றார் மாமா.

"ஷாஃப்டெல்லாம் அளவு சரியாத்தான வந்துச்சு? ஒண்ணாச்சும் திரும்பி வந்துதுங்களா?" என்றார் அப்பா.

"அது வேற, இது வேற மயில்சாமி" என்றார் பெரியவர் அப்பாவிடம்.

நிரஞ்சன் அண்ணா என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியது. ஆனால் பெரியவருக்கு அது தெரியவில்லை. "இதுதான் அந்தப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு நல்ல மூளைங்க. பி.இ. படிச்சவனெல்லாம் விட்டதைப் பிடிச்சிருக்கா. நல்லாப் படிக்க வைங்க."

சரசு அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேத் அந்த ஷாஃப்டை முடித்துவிட்டு நின்றது. அப்பா கதவைத் திறந்து ஷாஃப்டை எடுத்து, துடைத்து, அளந்து பார்த்து, மாமாவின் பெயர் எழுதிய பெட்டியில் வைத்தார்.

அவர்கள் போனபோது நான் அங்கேயே நின்றிருந்தேன். நிரஞ்சன் அண்ணா வேனில் ஏறும் முன் திரும்பி வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அண்ணா, இந்தச் சந்துல ஒருத்தருக்கொருத்தர் ஓட்டிக் குடுப்பீங்கன்னு எங்களுக்கும் தெரியும். முன்னல்லாம் கண்ணால பாக்கல, அதனால கேக்கல. இப்ப ஸ்கிரீன்ல வந்துருச்சு. பாத்துட்டுக் கேக்காம இருந்தா என்னைக் கேப்பாங்க."

"சரிங்க தம்பி" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 27

கடன் வாங்கிய புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். புதிதாக எதுவும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 30

கடிதம் வந்தது. இந்த முறையும் நான்தான் படித்தேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் வேலை அனுப்புவதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த ஒப்பந்த எண்கள் நிறுத்தப்பட்டன. கைவசம் உள்ள கம்பிகளைத் திருப்பித் தர வேண்டும். பெட்டிகளைச் சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். படிக்கும்போது ஒரே வரியை இரண்டு முறை படித்துவிட்டேன். அப்பா, "தண்ணி குடிச்சுட்டுப் படி அம்மிணி, அவசரமில்ல" என்றார்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லீவ் லெட்டரே எழுதியிருக்கலாம் போலிருக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அத்தை என் தலையைத் தடவினாள். "நீ என்ன பண்ணுவ சாமி. கண்ணுல பட்டதச் சொன்ன." இன்று இரவு அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

இரவுச் சோற்றுக்கு அப்புறம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நெசமாலுமே உனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"ரெண்டு பொட்டி அடுக்கறதப் பாத்த. அந்தப் பக்கம் சத்தமில்லைன்னு நீயேதான் சொன்ன."

"தெரியாதுன்னு சொல்றேன்ல."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த நோட்டின் பழைய பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். அவற்றில் எழுதியதெல்லாம் நடந்தவைதான். ஒன்றையும் அடிக்கவில்லை.

செப்டம்பர் 1

இன்று நான் பொய் சொன்னேன். அதை இங்கே எழுதுகிறேன்.

நிரஞ்சன் அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன். மாமாவின் பெட்டியைக் கழற்றி எங்கள் லேத்தில் ஒட்டியது நான்தான், அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்து பார்த்தேன், அப்பாவுக்கும் மாமாவுக்கும் எதுவும் தெரியாது, அவர்கள் பயத்தில் தாங்களே செய்ததாக ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதினேன். மாமாவின் லேத் ஓடாமல் இருந்ததற்குக் கார்டு மட்டும்தான் காரணம், அதற்குத்தான் நீங்களே தவணை கொடுத்திருந்தீர்களே என்றும் எழுதினேன். தண்டனை ஏதாவது இருந்தால் எனக்குக் கொடுக்கச் சொன்னேன். திரைகள் உள்ள அறைக்கு நான் வரவில்லை என்றும் சொன்னேன்.

பொய்யானாலும் தர்க்கம் சரியாக இருக்கிறது. நன்றாக யோசித்துத்தான் எழுதினேன்.

செப்டம்பர் 2

பதில் வந்தது. அதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"சங்கவி, நீ எதுக்கு இப்படி எழுதினன்னு எனக்குப் புரியுது. மேல கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டியைக் கழற்றுற நேரமும் ஒட்டுற நேரமும்கூட அதுல பதிவாகும்மா. அது ஒட்டின நேரத்துல நீ ஸ்கூல்ல இருந்திருக்க. உங்க ஸ்கூலுக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. இனிமே இது பத்தி எழுத வேண்டாம், உனக்குத்தான் கெட்ட பேரு. நல்லாப் படி."

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு எதற்காகக் கேட்டார்கள் என்று விசாரித்தார். தெரியாது என்றேன். இது இரண்டாவது பொய்.

அப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது, யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

"நீயே ஒட்டுனீனு எழுதுனியாமா?"

"ஆமாப்பா."

"அந்தக் காந்தத்தப் புடுங்க எனக்கே ரெண்டு கை வேணும்" என்றார். சிரிப்பது போல முகம் போயிற்று, ஆனால் சிரிப்பு வரவில்லை. எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 11

வேறு நான்கு கம்பெனிகளுக்கு அப்பாவும் மாமாவும் ஒரே பைக்கில் போய்வந்தார்கள். எல்லா இடத்திலும் நல்ல மரியாதை, டீ. ஒரு இடத்தில், பழைய கம்பெனி ஏன் நிறுத்தியது என்று கேட்டார்களாம். அப்பா நடந்ததைச் சொல்லியிருக்கிறார். "ஏண்டா அதைச் சொன்ன" என்று மாமா வழியெல்லாம் சண்டை போட்டிருக்கிறார். "கேட்டா என்ன சொல்றது?" என்று அப்பா என்னிடம்தான் கேட்டார்.

செப்டம்பர் 20

மாமாவின் கார்டு பெங்களூரிலிருந்து வந்துவிட்டது. சரியாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள். மாட்டி ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். லேத் சுற்றியது. உள்ளே கம்பி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றவிட்டு நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 27

காலாண்டுத் தேர்வு முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 4

மாமாவின் லேத்தை அவருக்குக் கடன் கொடுத்த பேங்க் எடுத்துக்கொண்டது. மாமாவும் அத்தையும் பொள்ளாச்சிப் பக்கம் அத்தையின் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே தேங்காய்நார் மில்லில் வேலை இருக்கிறதாம். சாமான் ஏற்றும்போது அத்தையிடம் போய் நின்றேன். என்னவோ சொல்ல வேண்டும் என்று போனேன். அவள் என் கையில் ஒரு தலையணையைக் கொடுத்து, "இத முன்னால வெய்யி சாமி, மாமனுக்கு முதுகு வலிக்கும்" என்றாள். வைத்தேன். டெம்போ கிளம்பிவிட்டது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. எங்கள் லேத்தைத் திருப்பூர்க்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறார். பேங்க் கடன் அதோடு சரியாகிவிடும், மிச்சம் எதுவும் இருக்காது. போன வாரமே எடுத்துப் போக வந்தார்கள். பூஜை முடியட்டும் என்று அப்பா கேட்டதற்கு அவர்கள் உடனே சரி என்றார்கள். அவர்களும் தொழில் செய்பவர்கள்தானே.

காலையிலிருந்து அப்பா அதைத் துடைத்தார். மூலைகளில் இருந்த இரும்புச் சுருள்களைக் குச்சி வைத்து எடுத்தார். விற்றுவிட்ட பொருளை எதற்கு இவ்வளவு துடைக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அப்பா காதில் விழாதது போலத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரியும் கடலையும் படைத்தோம். கற்பூரம் காட்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியவில்லை. எனக்கு வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை.

எல்லாப் பாடப் புத்தகங்களையும் பூஜையில் வைக்கச் சொன்னாள் அம்மா. இந்த நோட்டை வைக்கவில்லை.

அக்டோபர் 14

கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலையோடேயே போனது. தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள், நடுவில் எண்ணெய் ஊறிய கறுப்புச் சதுரம். அம்மா சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. இவ்வளவு அமைதியாக எங்கள் வீடு இருந்து நான் கேட்டதில்லை. படிக்கவே முடியவில்லை.

அக்டோபர் 28

அப்பா இன்று முதல் வேலைக்குப் போகிறார், அதே பம்ப் கம்பெனியில். நிரஞ்சன் அண்ணாதான் சொல்லி வாங்கிக் கொடுத்தார். ஷிஃப்ட் ஆப்பரேட்டர். வேலை அதே ஷாஃப்ட்தான். நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். தோளில் சற்றுப் பெரிதாக இருக்கிறது.

அம்மா ஷிஃப்ட் எப்படி இருந்தது என்று கேட்டாள். "ஏசி மாதிரி சில்லுனு இருக்குது. லேத்தெல்லாம் புதுசு. எல்லாத்துலயும் அந்தப் பொட்டி ஒட்டியிருக்குது" என்றார். ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார், பிறகு இன்னொரு சொம்பு கேட்டார்.

"அங்க தண்ணி இல்லையா?" என்றாள் அம்மா.

"இருக்குது. தூரமா இருக்குது."

சாப்பிட்ட பிறகு அப்பாவைக் காணவில்லை. பட்டறையில் விளக்கு எரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை, ஒரு ஸ்டூல் மட்டும்தான். அப்பா அதில் உட்காராமல், லேத் முன்னால் எப்போதும் நிற்கும் இடத்தில், கறுப்புச் சதுரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அம்மிணி, நான் சித்த நேரம் நிறுத்துனா அந்த ஸ்கிரீன்ல என்னனு தெரியும்?"

"கோடு கீழே இறங்கும்ப்பா."

"எதுக்கு நிறுத்துனேன்னு தெரியுமா?"

யோசித்தேன். தண்ணீர் குடிக்கப் போனாலும், கை நடுங்கினாலும், பக்கத்து லேத்துக்காரனுக்கு ஒரு கை கொடுக்கப் போனாலும் கோடு ஒரே மாதிரிதான் இறங்கும்.

"தெரியாதுப்பா. நின்னது மட்டுந்தான் தெரியும்."

அப்பா தலையாட்டினார். பாடத்தில் ஒரு சந்தேகம் தீர்ந்தது போல இருந்தது அந்தத் தலையாட்டல். அப்புறம் என்னைத் தாண்டி வந்து, சுவரில் கையை வைத்து, பட்டறை விளக்கை நிறுத்தினார்.